ராத்திரி எதுவும் ஓடவில்லை, விடியும்போது பேட்டரி காலி: கேரவன் இன்வெர்ட்டர் கணக்கு

கேள்வி இதுதான். கேரவனில் 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்ப் அவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, இணையாக மாட்டியிருக்கிறது. 2000 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர், வண்டியின் மொத்த ஏசி லைனுக்கும் (வீட்டு பிளக்கில் வருவது போன்ற கரன்ட், ஏர் கண்டிஷனர் அல்ல) சேர்த்து வயரிங். கூரையில் 200 வாட் சோலார். சாயங்காலம் பேட்டரி நிறைந்திருக்கிறது. ராத்திரி நாலு விளக்கு, கொஞ்ச நேரம் டிவி, ஒரு ஃபேன், அவ்வளவுதான். ஆனாலும் விடியும் முன்பே இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்துகிறது. 3000 வாட் இன்வெர்ட்டராக மாற்றலாமா, இல்லை லித்தியம் பேட்டரிக்கே போய்விடலாமா?

பெரிய இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று யாரும் பெரிய குழாய் மாட்டமாட்டார்கள். இன்வெர்ட்டர் மேல் எழுதியிருக்கும் 2000, 3000 எல்லாம் ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு மட்டும்தான். எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பது பேட்டரியின் பாடு. தவிர, இன்வெர்ட்டர் பெரிதாகப் பெரிதாக, சும்மா இருக்கும்போது அது குடிப்பதும் கூடும். உங்கள் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகும். லித்தியத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கரன்ட் எங்கே போகிறது என்று தெரியாமல் அதில் பணத்தைப் போடாதீர்கள்.

மின்சார பில்லில் வரும் யூனிட்டிலேயே கணக்குப் போடுவோம், அதுதான் எல்லோருக்கும் பழக்கம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 1000 வாட் அவர். உங்கள் 200 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 2.4 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். ஆகவே நீங்கள் தைரியமாகச் செலவழிக்கக் கூடியது 1.2 யூனிட். பேட்டரிக்கு மூன்று, நான்கு வயது ஆகியிருந்தால் அதிலும் ஒரு பங்கு கழிந்திருக்கும்.

இப்போது செலவு, நீங்கள் எழுதாத லேப்டாப், போன், தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தே. நாலு எல்இடி விளக்கு, ஒவ்வொன்றும் 3 வாட், ஐந்து மணி நேரம்: 60 வாட் அவர். 40 வாட் டிவி இரண்டு மணி நேரம்: 80. லேப்டாப் இரண்டு மணி நேரம்: 120. போன் இரண்டு: 30. கூரை ஃபேன் 25 வாட், எட்டு மணி நேரம்: 200. தண்ணீர் மோட்டார் அவ்வப்போது: 10. கூட்டினால் 500, அதாவது அரை யூனிட். கையில் இருப்பது 1.2. இந்தக் கணக்குப்படி உங்கள் பேட்டரி காலையில் பாதிக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லை என்றால் உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள்.

முதல் ஆள் இன்வெர்ட்டரேதான். எதுவும் மாட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே 2000 வாட் இன்வெர்ட்டர் 15 முதல் 30 வாட் வரை குடிக்கும். 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை பதினாலு மணி நேரம்: 350 வாட் அவர். விளக்கு, டிவி, போன் மூன்றும் சேர்ந்து தின்றது 170தான். அதைப்போல் இரண்டு மடங்கை இது ஒன்றுமே செய்யாமல் தின்றிருக்கிறது. 24 மணி நேரமும் ஆனிலேயே விட்டால் 600 வாட் அவர். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் உங்கள் 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் மொத்தமாகத் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேனல் சம்பாதிப்பதை அப்படியே இன்வெர்ட்டர் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறது.

ஆனாலும் 500ம் 350ம் சேர்ந்தால் 850தான். 1.2 யூனிட்டை இன்னும் தொடவில்லை. ஆக, இதைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். வண்டியின் மொத்த ஏசி லைனும் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

உங்கள் ஃபிரிட்ஜ் கேஸிலும் கரன்ட்டிலும் ஓடும் வகையாக இருந்தால் அதன் பட்டனைப் பாருங்கள். 'ஆட்டோ'வில் இருந்தால், ஏசி கரன்ட் வருகிறது என்று தெரிந்ததும் கேஸை விட்டுவிட்டுக் கரன்ட்டுக்குத் தாவும். அந்தக் கரன்ட் வண்டி நிறுத்தும் இடத்து வெளி பிளக்கிலிருந்து வருகிறதா, உங்கள் பேட்டரியிலிருந்தே வருகிறதா என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் 300 வாட் அளவுக்கு இழுக்கும். பாதி நேரம் ஓடினால்கூடப் பதினாலு மணி நேரத்தில் இரண்டு யூனிட்டுக்கு மேல். கதை அங்கேயே முடிந்தது. தண்ணீர் ஹீட்டரின் கரன்ட் சுவிட்சும் அப்படித்தான். 1400 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் 700 வாட் அவர், உங்கள் ராத்திரிப் பங்கில் பாதிக்கு மேல்.

இன்னொன்று எனக்குப் பிடித்தமான கோளாறு, ஏனென்றால் கண்டுபிடிக்கும்போது எல்லோருக்கும் சிரிப்பு வரும். வண்டியில் ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். வெளியிலிருந்து வரும் ஏசி கரன்ட்டை 12 வோல்ட் டிசியாக்கி விளக்குக்கும் பேட்டரிக்கும் கொடுப்பது அது. இன்வெர்ட்டர் அதற்கு நேர் எதிர். மொத்த லைனும் இன்வெர்ட்டரில் இருந்தால் கன்வெர்ட்டரும் இன்வெர்ட்டரிலேயே ஓடும். அதாவது பேட்டரியிலிருந்து எடுத்து ஏசியாக்கி, அதை மறுபடி டிசியாக்கி அதே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறீர்கள். இன்வெர்ட்டரில் ஒரு கழிவு, கன்வெர்ட்டரில் ஒரு கழிவு. நூறு எடுத்தால் எழுபத்தைந்துதான் திரும்பி வரும். கன்வெர்ட்டர் 600 வாட் வேகத்தில் சார்ஜ் ஏற்றப் பார்த்தால் அதற்காகப் பேட்டரி 800 வாட் கொடுக்க வேண்டும். நிகரமாக மணிக்கு 200 வாட் அவர் வெறும் சூடாகப் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி நிறைவதும் இல்லை, சார்ஜிங் நிற்பதும் இல்லை.

இதையெல்லாம் ஊகத்தில் விட வேண்டாம், அளந்துவிடலாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வேண்டும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் பலவும் ஏசி மட்டுமே காட்டும். டிசி கேபிளில் மாட்டினால் பூஜ்யத்தைக் காட்டிவிட்டு நிற்கும். வாங்கும்போது டிசி ஆம்ப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் இறங்கிய பிறகு, வெளி பிளக்கைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் கேபிள்கள் அத்தனையும் கவ்வில் அடங்கும்படி மாட்டுங்கள். மாட்டும் முன் மீட்டரின் ஜீரோ பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும், டிசியில் அது தானாகவே ஒன்றிரண்டு ஆம்ப் நகர்ந்து நிற்கும்.

இன்வெர்ட்டர் ஆஃபில் இருக்கும்போது அரை ஆம்ப், ஒரு ஆம்ப் காட்டும். கேஸ் கசிவு அலாரம், ஃபிரிட்ஜ் போர்டு, ரேடியோவின் நினைவு, இவை குடிப்பது அது. இப்போது இன்வெர்ட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டு ஆம்ப் போலக் கூடினால் அது சும்மா குடிக்கும் கணக்கு, சரி. பதினைந்து, இருபது கூடினால் ஏசி போர்டுக்குப் போய் எம்சிபிகளை (ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள். எதை இறக்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அதுதான் ஆள். கன்வெர்ட்டர்தான் என்றால் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம்: பேட்டரியில் மாட்டினால் 17 ஆம்ப் போலக் காட்டும், இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிளில் மட்டும் மாட்டினால் 60ஐத் தாண்டும். நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

தீர்வு சுலபம். தற்காலிகமாக, வெளி பிளக் இல்லாதபோது கன்வெர்ட்டர், தண்ணீர் ஹீட்டர் இரண்டின் எம்சிபியையும் இறக்கி வையுங்கள். ஃபிரிட்ஜை ஆட்டோவிலிருந்து கேஸுக்குக் கையால் மாற்றுங்கள். மறக்காமல் இருக்க எம்சிபி மேல் ஒரு துண்டு நிற டேப் ஒட்டுவது என் பழக்கம். நிரந்தரமாக, இந்த மூன்றும் வெளி பிளக் லைனில் மட்டும் வேலை செய்யும்படி எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கைப் பிரியுங்கள். டிவி, மைக்ரோவேவ், இரண்டு மூன்று பிளக் பாயின்ட், இவ்வளவுதான் இன்வெர்ட்டருக்குப் போக வேண்டும். மொத்த லைனையும் இன்வெர்ட்டரில் கொடுப்பது வசதி போலத் தெரியும். சின்ன பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு அது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம்.

படுக்கப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். ராத்திரி வேண்டியதை 12 வோல்ட்டிலேயே ஓட்டலாம். போனுக்கு 12 வோல்ட் யுஎஸ்பி சாக்கெட், லேப்டாப்புக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராக ஏற்றும் யுஎஸ்பி-சி சார்ஜர். 12 வோல்ட்டை ஏசியாக ஏற்றி, அதை லேப்டாப் அடாப்டரில் 20 வோல்ட்டாக இறக்குவது, மாடிக்கு ஏறி இறங்கிப் பக்கத்து அறைக்குப் போவது போலத்தான். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக சிபேப் இயந்திரம் வைத்திருப்பவர்களும் அதற்கென்று வரும் டிசி அடாப்டரை வாங்கிக்கொள்வது நல்லது. அதில் காற்றை ஈரமாக்கும் ஹீட்டரை அணைத்தால் செலவு வெகுவாகக் குறையும். சில இன்வெர்ட்டர்களில் 'சர்ச் மோடு' இருக்கும். சில விநாடிக்கு ஒருமுறை விழித்து, லோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் போன் சார்ஜர் மாதிரி சின்ன லோடுக்கு அது விழிக்கவே விழிக்காது.

இத்தனை சொன்னாலும் நண்பர்கள் பயப்படுவது என்னவோ கெட்டிலைப் பார்த்துத்தான். 1500 வாட் கெட்டில் ஐந்து நிமிடம் ஓடினால் 125 வாட் அவர். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த இன்வெர்ட்டர் குடித்ததில் மூன்றில் ஒரு பங்கு. தாராளமாக வெந்நீர் போடுங்கள். கெட்டிலின் பிரச்சினை வேறு. அந்த ஐந்து நிமிடமும் பேட்டரியிலிருந்து 140 ஆம்புக்கு மேல் ஓடும். (12 வோல்ட்டில் மனக்கணக்கு வேண்டுமானால் வாட்டைப் பத்தால் வகுங்கள், கழிவு சேர்த்து ஆம்ப் வந்துவிடும்.) லெட் ஆசிட் பேட்டரிக்கு அது கடுமையான வேகம். லேபிளில் இருக்கும் 100 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில், 5 ஆம்ப் வீதம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. ஜெர்மானியரான பியூகெர்ட் 1897லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். மைக்ரோவேவிலும் ஒரு விஷயம்: அதன் மேல் எழுதியிருக்கும் 1000 வாட் உணவுக்குள் போகும் சூடு, அதற்காக அது 1500 வாட் வரை இழுக்கும்.

இன்வெர்ட்டர் கத்தும்போது பேட்டரி காலியாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட் சுமாருக்குக் கத்த ஆரம்பித்து 10.5 சுமாருக்கு நின்றுவிடும். பெரிய லோடு போட்டால் வோல்ட் தற்காலிகமாக அமுங்கும், அதற்கும் கத்தும். வித்தியாசம் கண்டுபிடிக்க, கத்தும்போது எல்லா லோடையும் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.3க்கு ஏறி நின்றால் பேட்டரியில் சரக்கு இருக்கிறது. கேபிளோ, ஜாயின்ட்டோ, வயதான பேட்டரியோதான் காரணம். 11.6லேயே கிடந்தால் உண்மையிலேயே காலி. உங்கள் விஷயத்தில் ராத்திரி சின்ன லோடில் கத்துவதால் இரண்டாவதாகத்தான் இருக்கும். அந்த 10.5 வோல்ட் கட்-ஆஃப் பேட்டரியைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். சின்ன லோடில் லெட் ஆசிட் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கிவிட்டதென்றால் சுத்தமாகத் துடைத்து எடுத்தாயிற்று என்று அர்த்தம். மாற்ற முடிந்தால் அந்த எண்ணை 11.5 போல உயர்த்தி வையுங்கள்.

சில மணி நேரம் சார்ஜும் லோடும் இல்லாமல் ஓய்வாக இருந்த லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்டினால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஓய்வாக இருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு. வெயில் அடிக்கும்போது 13.4 காட்டுகிறது, பேட்டரி ஃபுல் என்று சொல்பவர்கள் பேனலின் வோல்ட்டைப் படிக்கிறார்கள். இதனால்தான் யாராவது என்னிடம் முதல் செலவு எதில் செய்யலாம் என்று கேட்டால், ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் என்பேன். நெகட்டிவ் பக்கத்தில் தடிமனான ஒரு பித்தளைக் கட்டை. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்ப் ஆம்பாக எண்ணிக்கொண்டிருக்கும். எல்லா நெகட்டிவும் அந்தக் கட்டை வழியாகத்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். சோலாரின் நெகட்டிவை மட்டும் வசதிக்காக நேரே பேட்டரியில் மாட்டிவிட்டால் மீட்டர் காட்டுவது அத்தனையும் பொய்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் சூடு பட்ட இடம் அது. ஒருமுறை மைக்ரோவேவ் போட்ட நாலாவது நிமிடத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து மெழுகு உருகுவது போல ஒரு வாசனை. மூடியைத் திறந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், நடுவில் வெதுவெதுப்பு. விரலை லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) பக்கம் நகர்த்தினேன், வெடுக்கென்று எடுத்துவிட்டேன். சிவப்பு உறை பழுப்பாகி முனை சுருங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால், மாட்டியவர் ஸ்டீல் வாஷரை லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் வைத்திருந்தார். மாட்டியவர் நான்தான். லக் நேராக முனையின் மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. வண்டி ஓடும் அதிர்வில் நட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அந்த ஜாயின்ட்டில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால் போதும்: 150 ஆம்ப் ஓடும்போது அங்கே 22 வாட் சூடு உருவாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை பேட்டரி முனையில் சொருகி வைத்த மாதிரி. அன்றிலிருந்து நீண்ட பயணம் முடிந்ததும் பெரிய லோடு ஒன்றைப் போட்டுவிட்டு ஜாயின்ட்டுகளை ஒரு சுற்றுத் தொட்டுப் பார்க்கிறேன். மற்றவற்றைவிட ஒன்று சூடாக இருந்தால், இன்வெர்ட்டரை அணைத்துப் பேட்டரியைப் பிரித்த பிறகு, கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குவேன்.

கேபிளின் தடிமனும் அதே கணக்குதான். 2000 வாட் என்றால் 190 ஆம்ப். போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர் என்று வைத்து 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், 115 வாட்டுக்கு மேல் கேபிளில் சூடாகும். 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.15 வோல்ட்டுக்குள் நிற்கும். 3000 வாட்டை 12 வோல்ட்டில் ஓட்டினால் 280 ஆம்பைத் தாண்டும். அந்த அளவு தேவைப்படுகிறவர்கள் 24 வோல்ட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம், ஆம்ப் பாதியாகிவிடும். பேட்டரி இரண்டும் இணையாக இருப்பதால் இன்வெர்ட்டரின் பாசிட்டிவை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை அடுத்த பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் எடுத்தால் அது மட்டும் அதிகம் உழைத்துச் சீக்கிரம் போய்விடும்.

ஃபியூஸ், இன்வெர்ட்டரைக் காப்பாற்ற அல்ல, கேபிள் பற்றி எரியாமல் இருக்க. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் மாட்டினால் நடுவில் உரசி ஷார்ட் ஆகும் கேபிளை அது ஒன்றும் செய்யாது.

இனி வரவுப் பக்கம். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக வாங்கும், மீதி இருபதை வாங்க மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் அது அவசரப்படாது. எனவே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன், நிறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நாள் கணக்கில் 80லிருந்து 50, மறுபடி 80 என்றே ஓட்டினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே வரும். பழைய கன்வெர்ட்டர்கள் சில 13.6 வோல்ட்டிலேயே நிற்கும். முழுக்க ஏற 14.4 சுமார் வேண்டும். மீட்டரை வைத்து அதையும் பார்த்துவிடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் காலையில் ஓட்டுங்கள். பசியோடு இருக்கும் பேட்டரி அப்போதுதான் வேகமாக வாங்கும். எண்பதைத் தொட்டதும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சோலாரிடம் விடுங்கள். சாயங்காலம் ஜெனரேட்டரைப் போட்டுக் கடைசி இருபதை ஏற்றுவது டீசலையும் பெட்ரோலையும் கொளுத்துவதற்குச் சமம்.

சோலாரில் உங்கள் 200 வாட்டுக்கு ஒரு நாளைக்கு 600 வாட் அவர் என்று வைத்தேன்: நாலரை மணி நேர முழு வெயில், படுக்கைக் கோணம், சூடு, தூசி எல்லாம் கழித்து. கூரையில் இருக்கும் ஏர் கண்டிஷனர் பெட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால் அந்த மூலை மட்டும் நஷ்டமாவதில்லை, பேனலில் பெரும் பகுதி படுத்துவிடும். இடம் கிடைத்தால் இன்னொரு 200 வாட் பேனல் போடுவது உங்களுக்கு நிச்சயம் பயன்படும்.

லித்தியம். கேரவனுக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, அது நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. 100 ஏஎச் லெட் ஆசிட் 28, 30 கிலோ இருக்கும் இடத்தில் இது 12 கிலோ சுமார். 80 சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம், பெரிய லோடிலும் வோல்ட் அதிகம் அமுங்காது, இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும், கடைசி இருபது சதவீதத்துக்குச் சண்டித்தனம் செய்யாது. ஆனால் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் முடிந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டுக்கு ஓர் ஆம்ப் எல்லை உண்டு. 100 ஏஎச் பேட்டரியில் அது பொதுவாக 100 ஆம்ப். ஒரே ஒரு பேட்டரியை வைத்து 2000 வாட் இன்வெர்ட்டரை ஓட்டினால் 190 ஆம்ப் கேட்கும், பிஎம்எஸ் சட்டென்று வெட்டிவிடும், வண்டி முழுக்க இருட்டு. குறைந்தது இரண்டு வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம். குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் ஹீட்டர் உள்ள பேட்டரியாக வாங்க வேண்டும், அல்லது பேட்டரியை வண்டிக்குள் வைக்க வேண்டும். எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகவும் இதற்கு ஏற்றக் கூடாது. லெட் ஆசிட் போதும் போதும் என்று குறைத்துக்கொண்டே வரும். லித்தியம் கொடுக்கிற அத்தனையும் வாங்கும், ஆல்டர்னேட்டர் மூச்சு முட்டிச் சூடாகிக் கருகும். நடுவில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தால் அது அளவோடு இழுக்கும். ஃபியூஸிலும் கவனம். ஷார்ட் ஆனால் லித்தியம் பாய்ச்சும் ஆம்ப் மிகப் பெரிது. சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே ஆர்க் (மின்பொறி) எரிந்துகொண்டே இருக்க வாய்ப்புண்டு. 20,000 ஆம்ப் வரை வெட்டக்கூடிய கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள். வோல்ட் பார்த்து மிச்சம் சொல்வதும் இதில் நடக்காது. எண்பது சதவீதத்திலும் நாற்பது சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான் காட்டும், ஷன்ட் மானிட்டர் கட்டாயம்.

ஏர் கண்டிஷனரை ராத்திரி முழுக்கப் பேட்டரியில் ஓட்டும் ஆசை உங்களுக்கும் வரும். கூரை ஏர் கண்டிஷனர் 1300, 1500 வாட். 200 ஏஎச் லித்தியத்தில் 2.5 யூனிட் இருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளி பிளக் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துவதே அதற்கு மலிவான வழி.

பாதுகாப்பில் மூன்று விஷயம் வேகமாக. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். இன்வெர்ட்டரை அதோடு ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், பக்கத்து அறையில் காற்றோட்டமாக வையுங்கள். இன்வெர்ட்டர் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டரில் இணைந்திருக்க வேண்டும், வெளி பிளக்குக்கு மாறியதும் அந்த இணைப்பு தானாக விலக வேண்டும். இது சரியில்லை என்றால் ஒன்று எர்த் லீக்கேஜ் டிரிப் அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரைக் கொண்டு இன்வெர்ட்டரை வண்டியின் வெளி பிளக்கில் சொருகுவதை யாராவது குறுக்குவழி என்று காட்டினால் தயவுசெய்து செய்யாதீர்கள். சொருகாத முனையின் பித்தளைக் கம்பியில் உயிர் வாங்கும் வோல்ட் இருக்கும். முறையான டிரான்ஸ்ஃபர் சுவிட்ச்தான் வழி.

ஆக, உங்களுக்கு என் வரிசை: இன்று சாயங்காலம் கிளாம்ப் மீட்டர், நாளை ஃபிரிட்ஜும் கன்வெர்ட்டரும், அதற்குப் பிறகு ஷன்ட் மானிட்டர். ஒரு வாரம் அப்படி ஓட்டி, தினமும் காலையில் எத்தனை ஏஎச் செலவாகியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். 60 ஏஎச்சுக்குள் நின்றால் இப்போது இருக்கும் பேட்டரியே போதும், பணத்தை இன்னொரு பேனலில் போடுங்கள். நேர்மையாகப் பயன்படுத்தியும் 100ஐத் தாண்டினால் இரண்டு 100 ஏஎச் லித்தியம், டிசி-டிசி சார்ஜர், கிளாஸ் டி ஃபியூஸ் மூன்றுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் 2000 வாட் இன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும்.